கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு: அப்பாவுக்கு கிட்னி வீக், டை அலர்ஜியும் இருக்கு, வேற எப்படி படம் எடுக்கலாம்?

பொருநைக்கரை செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க. அப்பாவுக்கு 67 வயசு. சுகர் இருபது வருஷமா இருக்கு, பிபி இருக்கு, போன மாச ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 2.4, இஜிஎஃப்ஆர் 29 (ரெண்டும் கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டற நம்பர்). போன செவ்வாய்க்கிழமை காலையில பேப்பர் படிச்சிட்டு இருந்தவர் திடீர்னு இடது கண்ணுல மட்டும் மேல இருந்து ஷட்டர் இறக்கின மாதிரி இருட்டாச்சுன்னார், பத்து நிமிஷத்துல தானா தெளிஞ்சிருச்சு, கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு அவரே முடிவு பண்ணி எங்ககிட்ட விஷயத்தையே ரெண்டு நாள் கழிச்சுதான் சொன்னார். அதுவும் ஏன் சொன்னார்னா வியாழக்கிழமை காபி டம்ளர் வலது கையில இருந்து நழுவி வேட்டியெல்லாம் காபி, குனிஞ்சு எடுக்கப் போனா விரல் மடங்கவே இல்லையாம். அரை மணி நேரத்துல அதுவும் சரியாயிடுச்சு.

உடனே தூக்கிட்டு ஓடினோம். மூளை எம்ஆர்ஐல பெரிசா ஒண்ணும் இல்ல, மினி ஸ்ட்ரோக்னு சொல்லி ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஆரம்பிச்சுட்டாங்க. கழுத்து டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற ஸ்கேன்) எடுத்ததுல இடது பக்கம் உள் கரோட்டிட்ல, அதான் மூளைக்குப் போற கழுத்து ரத்தக்குழாய்ல, 70லேருந்து 80 பர்சென்ட் அடைப்புன்னு வந்திருக்கு. ஆபரேஷன் பண்றதா ஸ்டென்ட் வைக்கிறதான்னு முடிவு பண்ண சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய் தெளிவா தெரிய டை ஊசி போட்டு எடுக்கிற சிடி ஸ்கேன், எடுத்துட்டு வாங்கன்னு எழுதிக் குடுத்தாங்க.

இங்கதான் சிக்கல். மூணு வருஷம் முன்னாடி வயித்துக்கு டை போட்டு சிடி எடுத்தப்போ அப்பாவுக்கு உடம்பு பூரா தடிப்பு தடிப்பா வந்து ஊசி போட்டுதான் அடங்குச்சு. இதைச் சொன்னா ஸ்கேன் சென்டர்ல நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்கன்றாங்க, அவர்கிட்ட போனா டை இல்லாம முடியுமான்னு ரேடியாலஜியில கேளுங்கன்றார், ரெண்டு நாளா பந்து மாதிரி உருண்டுட்டு இருக்கோம். டை இல்லாமலோ வேற ஏதாவது டை போட்டோ கழுத்து ரத்தக்குழாயை ஒழுங்கா பார்க்க முடியுமா? யாராச்சும் இதை அனுபவிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

கோவில்பட்டி கடலைமிட்டாய்:

கவலைப்படாதீங்க அக்கா. எங்க மாமாவுக்கும் கிட்னி பிரச்சனைதான், கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு டை போடாம கார்பன் டை ஆக்சைடு கேஸ் விட்டு ஆஞ்சியோ எடுத்தாங்க, கிட்னிக்கு ஒண்ணுமே ஆகல. அதையே கேட்டுப் பாருங்க. அப்புறம் அப்பா இறால் நண்டு சாப்பிடுவாரா? அதுல இருக்கிற அயோடின்தான் இந்த அலர்ஜிக்கு காரணம்னு கேள்விப்பட்டிருக்கேன், அதை நிறுத்திட்டு எடுத்தா பிரச்சனை இருக்காது. வெறும் வயித்துல பச்சைப் பூண்டு ரெண்டு பல்லும் குடுங்க.

ராத்திரி டூட்டி:

நான் ரேடியாலஜி பிஜி, மூணாவது வருஷம். உங்க அப்பாவை நான் பார்க்கல, படத்தையும் பார்க்கல, அதனால பொதுவா எழுதுறேன், முடிவு உங்க டாக்டர்ங்களோடதுதான். ஆனா கடலைமிட்டாய் சொன்னதுக்கு மொதல்ல பதில் போட்டுடறேன், இதைப் படிச்சிட்டு யாராவது போய் கேட்டுத் தொலைக்கப் போறாங்க.

கார்பன் டை ஆக்சைடு காலுக்கு நல்ல வழி, மாமாவுக்கு சரியாத்தான் பண்ணியிருக்காங்க. அந்த கேஸ் ரத்தத்தை ஒதுக்கித் தள்ளிட்டு போகும், அந்த இடம் எக்ஸ்ரேல தெரியும், அப்புறம் ரத்தத்துல கரைஞ்சு நுரையீரல் வழியா மூச்சுல வெளிய போயிடும். கழுத்துக்கு அதை விட்டா அது நேரா போற இடம் மூளை. குமிழி போய் அங்க அடைச்சா ஸ்ட்ரோக்கை நாமளே காசு குடுத்து வாங்கின மாதிரி. உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) மேல இருக்கிற தமனிகளுக்கு அதைத் தொடவே கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறாங்க.

இறாலுக்கும் டை அலர்ஜிக்கும் சம்பந்தமே இல்ல. இறால்ல அலர்ஜி பண்றது ட்ரோபோமயோசின்னு ஒரு புரதம். அயோடின் உப்புல இருக்கு, நம்ம தைராய்டுலயே இருக்கு, அதுக்கு அலர்ஜின்னா மனுஷன் உயிரோடவே இருக்க முடியாது. டையோட மொத்த மாலிக்யூலுக்குத்தான் உடம்பு எகிறுது. அதனால செல்வி அக்கா நீங்க செய்ய வேண்டிய மொத வேலை, மூணு வருஷம் முன்னாடி எந்த டை போட்டாங்கன்னு கண்டுபிடிக்கிறது. அயோஹெக்சாலா, அயோப்ரோமைடா, அயோடிக்சனாலா? பழைய ரிப்போர்ட்ல இல்லன்னா அந்த சென்டர்ல ரிஜிஸ்டர் பார்க்கச் சொல்லுங்க. ஒருவேளை கடைசியில சிடிதான் எடுத்தாகணும்னா வேற மாலிக்யூல் மாத்திப் போடறது ரொம்ப முக்கியம், அதோட தேவைப்பட்டா 13 மணி நேரம், 7 மணி நேரம், 1 மணி நேரம் முன்னாடின்னு ஸ்டீராய்டு மாத்திரை குடுப்பாங்க. சுகர்காரங்களுக்கு அது சுகரை ஏத்தும், அதுக்கும் தயாரா இருக்கணும்.

இப்போ உங்க கேள்விக்கு வரேன். எந்த டை போடலாம்ங்கிறதுக்கு முன்னாடி, டையே வேணுமான்னு கேளுங்க. டாப்ளர் ரிப்போர்ட்ல பீக் சிஸ்டாலிக் வெலாசிட்டின்னு ஒரு நம்பர் இருக்கும், அதை இங்க போடுங்க. குழாய் குறுகினா ரத்தம் வேகமா பீச்சியடிக்கும், தோட்டத்துல ஹோஸ் வாயை கட்டைவிரலால அமுக்கிற மாதிரி. செகண்டுக்கு 125 செமீ தாண்டினா பாதிக்கு மேல அடைப்பு, 230 தாண்டினா 70 பர்சென்ட்டுக்கு மேலன்னு 2003லேருந்து ஒரு பொதுக் கணக்கு வச்சிருக்கோம். ஆனா டாப்ளர் ஆளைப் பொறுத்தது, புரோபை வைக்கிற கோணம் கொஞ்சம் பிசகினா நம்பரே மாறும், அடைப்புல சுண்ணாம்பு படிஞ்சிருந்தா பின்னாடி நிழல் விழுந்து ஒண்ணும் தெரியாது. அதனால இன்னொரு சீனியரை வச்சு திரும்பவும் ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்க. கூடவே டை இல்லாத எம்ஆர் ஆஞ்சியோ ஒண்ணு இருக்கு, டைம் ஆஃப் ஃப்ளைட்னு பேரு, சுருக்கமா டிஓஎஃப். அசையாம இருக்கிற சதையை மெஷின் திரும்பத் திரும்ப அடிச்சு மங்க வச்சிடும், புதுசா உள்ள ஓடி வர்ற ரத்தம் மட்டும் பளிச்னு வெள்ளையா தெரியும். ஊசியே கிடையாது. இந்த ரெண்டும் ஒரே பதிலைச் சொன்னா நிறைய சர்ஜன்கள் அதோடயே ஆபரேஷனுக்குப் போயிடுவாங்க.

இன்னொரு விஷயம், இதை பெரிய எழுத்துல படிங்க: நாள் கடத்தாதீங்க. மினி ஸ்ட்ரோக் வந்த ரெண்டு வாரத்துக்குள்ள அடைப்பை எடுத்தாதான் முழுப் பலன். கண்ணு இடது, கை வலது, ரெண்டும் இடது கரோட்டிடைத்தான் காட்டுது. 1991ல வந்த நாசெட் ஆய்வுல 70 பர்சென்ட்டுக்கு மேல அடைப்பு இருந்து அறிகுறியும் வந்தவங்கள்ல, மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு ரெண்டு வருஷத்துல 26 பர்சென்ட் பேருக்கு அதே பக்கம் ஸ்ட்ரோக் வந்துச்சு, ஆபரேஷன் பண்ணவங்கள்ல 9 பர்சென்ட். மருந்தெல்லாம் அப்போதைக்கு இப்போ நல்லா முன்னேறியிருக்கு, இருந்தாலும் இந்த வித்தியாசத்தைப் பார்த்தா லெட்டருக்கு அலையறதுல ரெண்டு நாள் போறது எவ்வளவு பெரிசுன்னு புரியும். அப்பா மெட்ஃபார்மின்னு சுகர் மாத்திரை சாப்பிடறாரா? இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ இருந்தா அதை நெஃப்ராலஜி டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, டை போட்டாலும் போடாட்டியும்.

பச்சைப் பூண்டு ரசத்துல போடுங்க, நல்லாருக்கும். ரெண்டு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறவருக்கு அதை மருந்து மாதிரி தனியா குடுக்க வேண்டாம்.

ஹூஸ்டன் கிச்சா:

என் மாமியாருக்கு டயாலிசிஸ், போன வருஷம் இங்க அமெரிக்காவுல இதே கழுத்து பிரச்சனை. அவங்களுக்கு ஃபெருமாக்ஸிட்டால்னு ஒண்ணு போட்டு எம்ஆர்ஐ எடுத்தாங்க. விசாரிச்சா அது டையே இல்ல, ரத்த சோகைக்குப் போடற இரும்பு ஊசி! கிட்னி நோயாளிங்களோட இரும்புக் குறைவுக்குன்னு 2009ல இங்க அனுமதி வந்த மருந்து, படம் எடுக்க அதைப் பயன்படுத்தறது டாக்டர் பொறுப்புல பண்றது, அந்த லேபிள்ல அதுக்கு அனுமதி கிடையாது. நல்ல விஷயம் என்னன்னா அது கிட்னி வழியா போறதே இல்ல, கல்லீரல் மண்ணீரல்ல இருக்கிற செல்லுங்க முழுங்கிடுது, அதுவரைக்கும் பல மணி நேரம் ரத்தத்துக்குள்ளயே சுத்திட்டு இருக்கறதால டெக்னீஷியன் அவசரப்பட வேண்டியதில்ல, படம் சரியா வரலன்னா திரும்ப எடுத்துக்கலாம். படம் கண்ணாடி மாதிரி வந்துச்சு.

கெட்ட விஷயமும் சொல்லிடறேன். 2015ல இதுக்கு கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வந்துச்சு, சில பேருக்கு பயங்கர அலர்ஜி வந்து உயிரே போயிருக்கு. அதனால பதினஞ்சு நிமிஷமாவது மெதுவா சொட்டு சொட்டா ஏத்தி, அப்புறம் அரை மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து பிபி பார்த்தாங்க. உங்க அப்பாவுக்கு ஏற்கனவே ஒரு மருந்துக்கு தடிப்பு வந்திருக்கு, அதையும் யோசிங்க. அப்புறம் இதைப் போட்டா மூணு மாசம் வரைக்கும் வேற எம்ஆர்ஐ எடுத்தா படத்துல அதோட பாதிப்பு தெரியலாமாம். உங்க ஊர்ல கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது, இப்படியும் ஒண்ணு இருக்குன்னு சொல்றேன்.

பழைய டார்க்ரூம்:

நான் அரசு ஆஸ்பத்திரியில முப்பத்தி நாலு வருஷம் எக்ஸ்ரே டெக்னீஷியனா இருந்து ரிட்டயர்டு ஆனவன். செல்விம்மா, இன்னைக்கு உங்களுக்கு இத்தனை வழி இருக்குன்னு படிக்கும்போது எனக்கு பொறாமையா இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல கழுத்து ரத்தக்குழாய்னா கழுத்துலயே நேரா ஊசி குத்துவோம். டாக்டர் ரெண்டு விரலை வச்சு கரோட்டிடை அமுக்கிப் பிடிச்சு ஊசியை இறக்குவார், ரத்தம் பீச்சினா சரியான இடம்னு அர்த்தம், அவர் டையைத் தள்ளும்போது நான் வெளிய நின்னு எக்ஸ்போஷர் குடுக்கணும், ஒரு நொடி பிந்தினா படம் காலி. அந்தக் காலத்து டை ரத்தத்தை விட அஞ்சு ஆறு மடங்கு அடர்த்தி, உள்ள போன உடனே நோயாளி "முகம் பத்தி எரியுதே"ன்னு கத்துவார், பாதி பேர் வாந்தி எடுப்பாங்க. வாந்தி பிடிக்கிற கிட்னி ட்ரேயை கையிலயே வச்சுக்கிட்டுதான் நிப்போம். இப்போ இருக்கிற அயோடிக்சனால் எல்லாம் ரத்தத்தோட அடர்த்தியேதான், லேசா சூடா இருக்குன்னு சொல்றதோட சரி.

அதுக்கும் முன்னாடி கதை இன்னும் மோசம். இந்த ஆஞ்சியோவைக் கண்டுபிடிச்சதே கழுத்து வழியாத்தான், 1927ல லிஸ்பன்ல ஈகாஸ் மோனிஸ்னு ஒரு நரம்பு டாக்டர். மொதல்ல ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு போட்டார், அதுல ஒரு நோயாளி போயிட்டார், அப்புறம்தான் சோடியம் அயோடைடுக்கு மாறினார். அதுலயும் எரிச்சல் அதிகம்னு 1930கள்ல தோரோட்ராஸ்ட்னு ஒண்ணு வந்துச்சு, படம் அவ்வளவு சுத்தமா இருக்கும், வலியே இருக்காது, எல்லாரும் கொண்டாடினாங்க. அது என்னன்னா தோரியம், கதிர்வீச்சு உள்ள சரக்கு. உள்ள போனது கல்லீரல்ல போய் உக்காந்துக்கிச்சு, வெளிய வரவே இல்ல, இருபது முப்பது வருஷம் கழிச்சு ஒவ்வொருத்தரா கல்லீரல் புத்துநோயோட வந்தாங்க. புது டைன்னு யாராவது பெருமையா சொன்னா நான் மொதல்ல கேக்கறது, அது உடம்பை விட்டு எந்த வழியா எப்போ வெளிய போகும்னுதான்.

இன்னொண்ணு, 2000க்கு அப்புறம் கொஞ்ச வருஷம் கிட்னி வீக்கானவங்களுக்கு எம்ஆர்ஐ டையை எடுத்து எக்ஸ்ரே ஆஞ்சியோவுல போட்டுப் பார்த்தாங்க. படம் மங்கலா வரும், அதுக்காக நிறைய ஊத்தணும், நிறைய ஊத்தினா கிட்னிக்கு அதுவே விஷம். கைவிட்டுட்டாங்க. யாராச்சும் அப்படி ஒரு யோசனை சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

டிஓஎஃப் எடுக்கப் போறதா இருந்தா ஒரே ஒரு டிப்ஸ். மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடி அப்பா தண்ணி குடிச்சு தொண்டையை ஈரமாக்கிக்கட்டும், உள்ள போனப்புறம் எச்சில் முழுங்கக் கூடாது. கழுத்து ஸ்கேன்ல ஒவ்வொரு முழுங்கலுக்கும் படம் ஆடும். வயசானவங்க டக டக சத்தத்துல பயந்து முழுங்கிட்டே இருப்பாங்க. காதுல பஞ்சு வைக்கச் சொல்லுங்க.

பொருநைக்கரை செல்வி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கண்ணு கலங்கிடுச்சு. ராத்திரி டூட்டி தம்பி, டாப்ளர்ல அந்த நம்பர் 290ன்னு இருக்கு. மெட்ஃபார்மின் சாப்பிட்டுட்டுதான் இருக்கார், இன்னைக்கே கேக்கறேன். பழைய டை அயோஹெக்சால், சென்டர்ல போய் நின்னு ரிஜிஸ்டர்லயிருந்து எழுதி வாங்கிட்டேன். நாளைக்கு டிஓஎஃப்புக்கு டைம் குடுத்திருக்காங்க. ஒரே ஒரு சந்தேகம், அங்க வேலை செய்யற ஒருத்தர் காடோலினியம்ங்கிற எம்ஆர்ஐ டை போட்டா இன்னும் தெளிவா வரும்ன்றார், நெட்டுல தேடினா காடோலினியம் கிட்னி நோயாளிக்கு தோலெல்லாம் கல்லு மாதிரி இறுகிடும்னு போட்டிருக்கு. படத்தைப் பார்த்தே பயந்துட்டேன்.

ராத்திரி டூட்டி:

அந்தப் பயம் நியாயமானதுதான் அக்கா, ஆனா பாதிக் கதை. அந்த நோய் பேரு என்எஸ்எஃப். 1997லேருந்து டயாலிசிஸ் நோயாளிங்களுக்கு கை கால் தோல் இறுகி மூட்டு மடக்க முடியாம போக ஆரம்பிச்சுது, ஏன்னு யாருக்கும் புரியல, 2006லதான் எம்ஆர்ஐ டையோட தொடர்பைக் கண்டுபிடிச்சாங்க. ஆனா எல்லா காடோலினியமும் ஒண்ணு இல்ல. காடோலினியம் தனியா விஷம், அதை ஒரு கூண்டுக்குள்ள பூட்டித்தான் ஊசியில குடுப்பாங்க. காடோடயமைடு மாதிரி பழைய வகைங்கள்ல அந்தக் கூண்டு திறந்த வளையம், கிட்னி சீக்கிரம் வெளியேத்தலன்னா உள்ள இருந்து நழுவிடும். காடோபியூட்ரால், காடோடெரேட், காடோடெரிடால் இந்த மூணும் சுத்திலும் மூடின கூண்டு, சுலபத்துல விடாது. இந்த வகை வந்தப்புறம் கிட்னி வீக்கானவங்கள்லயும் அந்த நோய் வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வமாயிடுச்சு. அளவும் கம்மி, சிடிக்கு அம்பதிலேருந்து எம்பது மில்லி வரைக்கும் போகும், காடோபியூட்ரால்னா 70 கிலோ ஆளுக்கு 7 மில்லி.

அதனால வரிசை இதுதான்: மொதல்ல டிஓஎஃப். அதுல தெளிவில்லன்னா, எந்த ஒரு கேள்விக்கு பதில் வேணும்னு சர்ஜன்கிட்ட கேட்டு, அந்த ஒரு கேள்விக்காக மட்டும் மூடின வகை காடோலினியம், ஒரே ஒரு டோஸ். கழுத்துல குழாய் முழுசா அடைச்சிருக்கா இல்ல நூல் அளவுக்காவது ஓடுதாங்கிறது மட்டும்தான் சந்தேகம்னா, கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட்னு இன்னொரு வழியும் உண்டு. சிவப்பணுவை விடச் சின்ன கேஸ் குமிழிங்க, மேல கொழுப்புத் தோல் போர்த்தி ரெண்டு மில்லி போல கையில போடுவாங்க, உள்ள இருக்கிற கேஸ் மூச்சுல வெளிய போயிடும், கிட்னிக்கு வேலையே இல்ல. மேல நான் சொன்ன பெரிய குமிழி பயம் இதுல இல்ல, இது நரம்பு வழியா போய் நுரையீரலையே தாண்டி வர்ற அளவுக்குப் பொடி. ஆனா அதைப் பண்ற கையும் அந்த மருந்தும் எல்லா ஊர்லயும் இருக்காது.

காலுல ஓட்டை போட்டு கழுத்து வரைக்கும் குழாய் விட்டு எடுக்கிற பழைய ஆஞ்சியோவுக்கு சட்னு சம்மதிக்காதீங்க. 1995ல வந்த ஏகாஸ் ஆய்வுல அந்த ஆஞ்சியோவாலயே 1.2 பர்சென்ட் பேருக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. ஸ்டென்ட் வைக்கும்போது எப்படியும் அது வரும், வெறும் படத்துக்காக வேண்டாம். அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை குடுத்தா கிட்னி தப்பிச்சிடும்னு யாராவது சொன்னாலும் அதை நம்பி இருக்காதீங்க, 2018ல அஞ்சாயிரம் பேருக்கு மேல வச்சுப் பார்த்த பிரிசர்வ் ஆய்வுல பலன் ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு.

கோவில்பட்டி கடலைமிட்டாய்:

சாரி அக்கா, கேஸ் விஷயம் தெரியாம சொல்லிட்டேன். மாமாவுக்கு காலுங்கறதால ஓகே ஆயிருக்கு போல. பூண்டு மேட்டரையும் வாபஸ் வாங்கிக்கறேன்.

பொருநைக்கரை செல்வி:

அப்டேட் போட லேட்டாயிடுச்சு. டிஓஎஃப் எடுத்தோம். டார்க்ரூம் ஐயா சொன்ன மாதிரியே தண்ணி குடிச்சிட்டுதான் உள்ள போனார், ரெண்டு தடவைதான் முழுங்கினாராம். படத்துல வலது பக்கம் குழாய் முழுசா ஓடுது, இடது பக்கம் பாதி வழியில ஒரு விரல்கட்டை அளவுக்கு ஒண்ணுமே இல்ல, வெறும் கறுப்பு, அதுக்கு மேல மறுபடியும் குழாய் ஆரம்பிக்குது. அதைப் பார்த்து எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு, ரோட்டுல பாலம் உடைஞ்சு விழுந்த மாதிரி இருந்துச்சு. ரேடியாலஜி மேடம் உக்கார வச்சு விளக்கினாங்க, குறுகின இடத்துல ரத்தம் சுழிச்சுப் போறதால டிஓஎஃப்ல அப்படித்தான் காணாம போகும், நிஜமாவே துண்டாகல, ஆனா அடைப்பு கடுமைங்கறதுக்கு அதுவே அடையாளம்னாங்க.

சர்ஜன் அடைப்பு எவ்வளவு நீளம், மேல குழாய் நல்ல அகலத்துல இருக்கான்னு மட்டும் தெரியணும்னார். நெஃப்ராலஜி டாக்டர்கிட்ட இந்த ஒரே கேள்விக்குத்தான்னு எடுத்துச் சொன்னதும் அவரே காடோபியூட்ரால் 7 மில்லின்னு எழுதிக் குடுத்தார், மெட்ஃபார்மினை நிறுத்தி இன்சுலினுக்கு மாத்திட்டார். ஊசி போட்டு ஒரு நிமிஷத்துக்குள்ள அந்தக் கறுப்பு இடத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு வந்துச்சு, நானே மானிட்டர்ல பார்த்தேன். ஒன்றரை செமீ நீளம், 80 பர்சென்ட், மேல குழாய் நல்லாருக்கு. தடிப்பு எதுவும் வரல. மூணு நாள் கழிச்சு கிரியேட்டினின் 2.3. வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன், கண்ணு இருட்டினதுலேருந்து சரியா பதினாறு நாள். அந்த ரெண்டு நாள் அலைச்சல் மட்டும் இல்லன்னா பதினாலுக்குள்ளயே முடிஞ்சிருக்கும்.

கழுத்துல ஷேவ் பண்ணுவாங்கன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போனதுலேருந்து அப்பாவுக்கு ஒரே கவலைதான், மீசையையும் சேர்த்து எடுத்துடுவாங்களான்னு ராத்திரி பூரா கேட்டுட்டே இருந்தார்.

பழைய டார்க்ரூம்:

தாடைக்குக் கீழதான்மா எடுப்பாங்க, மீசை பக்கமே வர மாட்டாங்கன்னு நான் சொன்னதா சொல்லுங்க. வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு வரி போட்டுடுங்க.